சின்னம்மை எதிர்ப்பாற்றல் இரத்தப் பரிசோதனை: ஆய்வகச் சேவை குறித்து ஒரு செவிலியரின் மதிப்பீடு

பிரிட்டன் மருத்துவமனைகளில் பணிக்குத் தேர்வாகும் செவிலியர்கள் காட்ட வேண்டிய சான்றுகளில் சின்னம்மைக்கு எதிர்ப்பாற்றல் உண்டா என்பதும் ஒன்று. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிறுவயதில் தமக்கு அம்மை வந்ததை உறுதியாகச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். நம்மைப் போன்ற வெப்பமண்டல நாட்டவர்களுக்கு அந்தச் சொல் போதாது. தடுப்பூசி வழக்கத்துக்கு வராத குளிர்நாடுகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடும் இந்த நோய், இங்கே பலரை வளர்ந்த பிறகும் தொடாமலே இருப்பதுதான் காரணம். எனக்கும் சிறுவயதில் அம்மை போட்டு, வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதாக வீட்டில் சொல்வார்கள். அது சின்னம்மையா தட்டம்மையா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஆகவே எங்கள் ஊரிலுள்ள ஒரு தனியார் ஆய்வகத்தின் கிளையில் இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டேன்.

இரத்தம் எடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை என்பதை முன்கூட்டியே சொன்னார்கள். இளம் பணியாளர் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்து, குழாயில் என் பெயரையும் வயதையும் என் கண்முன்னே எழுதி ஒட்டினார். தொழில்முறையில் இதைக் கவனிக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

குறை வரவேற்பு மேசையில் இருந்தது. “சிக்கன் பாக்ஸ் டெஸ்ட்தானே மேடம், போட்டாச்சு” என்று அவர்கள் நீட்டிய ரசீதில் ஐஜிஎம் என்று அச்சாகியிருந்தது. ஐஜிஎம் அண்மையில் ஏற்பட்ட தொற்றைக் காட்டும் எதிரணு (ஆன்டிபாடி). முன்பு நோய் வந்து போனதால் உடலில் தங்கியிருக்கும் பாதுகாப்பைக் காட்டுவது ஐஜிஜி. நான் சுட்டிக்காட்டியதும் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும், இந்த வேறுபாடு தெரியாத ஒருவர் ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்து, தமக்குத் தேவையற்ற அறிக்கையுடன் வீடு திரும்பியிருப்பார். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் பலர் இதே பரிசோதனைக்கு வருவதால், இது சின்னக் குறை அல்ல.

மாதிரியை வெளியூரிலுள்ள தலைமை ஆய்வகத்துக்கு அனுப்புவதால், அறிக்கை சொன்ன நாளைவிடத் தாமதமாகவே கைபேசிக்கு வந்தது. அதில் என் அளவும், எதிர்மறை, ஐயநிலை, நேர்மறை என்ற மூன்று வரம்புகளும் தெளிவாக இருந்தன. என் முடிவு நேர்மறை. எண் எவ்வளவு பெரிது என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஏனெனில் ஒவ்வொரு கருவித்தொகுப்புக்கும் வரம்பு வேறு. இரண்டு ஆய்வகங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. ஆனால் அறிக்கையின் அடிக்குறிப்பு ‘மருத்துவரை அணுகவும்’ என்பதோடு நின்றுவிட்டது. ஐயநிலையில் வந்தவர் சில வாரம் கழித்து மீண்டும் பரிசோதிக்கலாம் என்றோ, அண்மையில் இரத்தமோ இம்யூனோகுளோபுலின் என்ற எதிரணு மருந்தோ ஏற்றியிருந்தால் பிறருடைய எதிரணுக்களே நேர்மறை முடிவைத் தந்துவிடலாம் என்றோ இரண்டு வரி சேர்த்திருக்கலாம்.

இன்னொன்றையும் அவர்கள் கேட்கவில்லை: தடுப்பூசி போட்டிருக்கிறேனா என்பது. ஜப்பானில் மிச்சியாக்கி தக்காஹாஷி 1970-களில் உருவாக்கிய ஓக்கா வகை வீரியம் குறைந்த கிருமியே இன்றைய தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. அது தூண்டும் எதிரணுக்களின் அளவு, இயல்பாக நோய் வந்தவரிடம் இருப்பதைவிடக் குறைவாக இருப்பதால், வணிக ஆய்வகங்கள் எதிரணுவை அளக்கும் எலைசா முறைக்கு அது சில சமயம் அகப்படாமல் போகும். இரண்டு தவணையும் போட்டதற்கு ஆவணம் வைத்திருப்பவர் இந்தப் பரிசோதனைக்குப் பணம் கொடுப்பது வீண் என்பதே என் கருத்து. பொய்யான எதிர்மறை முடிவு வந்தால் வீண் கவலைதான் மிஞ்சும்.

முடிவு உண்மையிலேயே எதிர்மறையாக வந்தால், பெரியவர்களுக்குக் குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தடுப்பூசி உண்டு. கருவுற்றிருக்கும்போது அதைப் போடக்கூடாது. ஆகவே குழந்தைக்குத் திட்டமிடுவோர் முன்னதாகவே பரிசோதித்துக்கொள்வது நல்லது.

இரத்தம் எடுத்த திறமைக்காக இந்தக் கிளைக்கு நான் மறுபடியும் போவேன். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். போகிறவர்கள் மருத்துவரிடம் ‘வேரிசெல்லா ஜோஸ்டர் ஐஜிஜி’ (முதலிரண்டு சொற்கள் சின்னம்மைக் கிருமியின் பெயர்) என்று முழுப்பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிச் செல்லுங்கள். பணம் கட்டுமுன் ரசீதில் அதே பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.