டோக்கன் நாள் கணக்கு: மண்டபம் நண்டுக் கம்பெனியில் டேலியோடு இத்தனை வருடம்

மண்டபத்தில் நண்டும் கணவாயும் வாங்கும் ஒரு கம்பெனியில் கணக்கு என் பொறுப்பு. நண்டை இங்கேயே அவித்துச் சதை எடுத்து, ஐஸில் தூத்துக்குடி பேக்டரிக்கு அனுப்புகிறோம். 2017-இல் ஜிஎஸ்டி வந்த கையோடு டேலி என்ற கணக்கு மென்பொருளை வாங்கினோம். பச்சை மீனுக்கு வரி இல்லைதான். ஆனால் பெட்டி, லாரி வாடகை, பேக்டரி பில் என்று ஆடிட்டர் கேட்கிற காகிதம் கூடிக்கொண்டே போனது. டேலியின் இ.ஆர்.பி. 9 பதிப்பில் தொடங்கி, 2020 கடைசியில் பிரைம் என்ற புதிய பதிப்பு வந்த பிறகு அதற்கு மாறினோம். இன்றும் அதில்தான் ஓடுகிறது. பில் போடுவது, ரிட்டர்ன் தாக்கல் பற்றியெல்லாம் எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். முதலாளி டேலிக் கணக்கைப் பார்த்து என்ன முடிவெடுக்கிறார், எந்த முடிவுக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தொழிலுக்கு மாதம் 30 நாள் கிடையாது. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. மீன்துறை டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) கொடுத்தால் காலையில் போவார்கள், மறுநாள் விடியலில் கரை சேர்வார்கள். அதனால் எங்களுக்குக் கொள்முதல் செவ்வாய், வியாழன், ஞாயிறு. மூன்று கிழமையையும் எண்ணிப் பார்த்தால் மாதத்துக்கு 12 முதல் 14 நாள்தான். காற்று எச்சரிக்கை வந்தால் டோக்கன் இல்லை. வேலைநிறுத்தம் என்றால் டோக்கன் வாங்க ஆள் இல்லை. போதாததற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017-க்கு முன் அது 45 நாளாக இருந்தது.

டேலிக்கு இது எதுவும் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஏப்ரல்–ஜூன் காலாண்டின் 91 நாளில் தடைக்கு வெளியே இருப்பது 30 நாள். அந்தக் காலாண்டை எதோடு ஒப்பிட்டாலும் கம்பெனி மூழ்கப் போகிற மாதிரிதான் தெரியும். ஒரு தடவை முதலாளி மாத ஒப்பீட்டைப் பார்த்துவிட்டு, "ஏன் தாயி, போன அக்டோபரை விட இது இவ்வளவு கொறஞ்சு காட்டுதே, தம்பி சரியா எடை போடலையா?" என்று கேட்டார். கரையில் எடை போடும் தம்பி சரியாகத்தான் போட்டிருந்தான். போன அக்டோபரை விட இந்த அக்டோபரில் டோக்கன் நாள் குறைவு. ஒரு டோக்கன் நாளுக்கு எவ்வளவு வந்தது என்று வகுத்துப் பார்த்தால் வரத்து கூடித்தான் இருந்தது.

அன்றிலிருந்து எக்செலில் ஒரு தாள் தனியாக வைத்திருக்கிறேன். தேதி, டோக்கன் உண்டா இல்லையா, நம்மிடம் முன்பணம் வாங்கிய படகுகளில் எவை போயின, காற்று எப்படி, இவ்வளவுதான். டேலியில் ஒவ்வொரு படகும் ஒரு காஸ்ட் சென்டர், அதாவது படகு வாரியாகத் தனித் தலைப்பு. கொள்முதல் விவரத்தை எக்செலுக்கு ஏற்றுமதி செய்து, தேதியை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளி (வாங்குவது மறுநாள் அல்லவா) இந்தத் தாளோடு பொருத்திப் பிவட் டேபிள் (தொகுப்பு அட்டவணை) போடுவேன். அரை மணி நேர வேலை. மொத்த ஏற்பாட்டிலும் முதலாளி விரும்பிக் கேட்டு வாங்கிப் பார்ப்பது இது ஒன்றைத்தான்.

இது பெரிதாக உதவுவது முன்பண விஷயத்தில். இந்தக் கரையில் வியாபாரம் நிற்பதே முன்பணத்தின் மேல்தான். படகு மராமத்துக்கும் வலைக்கும் கம்பெனி பணம் கொடுக்கும், படகுக்காரர் பிடிப்பைக் கம்பெனிக்கே போடுவார், கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். டேலியில் பில் வாரியாக நிலுவை பார்க்கலாம், அது எத்தனை நாள் பழசு என்று 30, 60, 90 நாள் கட்டங்களில் பிரித்தும் பார்க்கலாம். மளிகைக் கடைக்கு அருமையான வசதி. இங்கே என்ன ஆகும்? மார்ச் 10-ஆம் தேதி கொடுத்த முன்பணம் ஜூன் 15 அன்று 97 நாள் பழசு. ஊரில் உள்ள அத்தனை படகுக்காரரும் வராக்கடன்காரர் மாதிரி கடைசிக் கட்டத்தில் வந்து நிற்பார்கள். அந்த 97 நாளில் அவர்களுக்குக் கடல் திறந்திருந்தது ஐந்து வாரம், வாரத்துக்கு மூன்று நாள்.

அதனால் நிலுவையையும் டோக்கன் நாளில் எண்ண ஆரம்பித்தேன். அப்போது இரண்டு படகுகள் கண்ணில் பட்டன. ஒன்றுக்கு நிலுவை பெரிது, பழசு. ஆனால் கடலுக்குப் போன ஒவ்வொரு டோக்கன் நாளும் பிடிப்பு எங்கள் தராசுக்கு வந்திருக்கிறது. இன்னொன்றுக்கு நிலுவை சின்னது, ஒழுங்காகக் குறைந்துகொண்டும் வருகிறது. டேலி கட்டத்தில் பார்த்தால் தங்கமான படகு. தாளோடு பொருத்தினால், படகு கடலுக்குப் போன நாள் இருக்கிறது, எங்கள் எடைச் சீட்டு இல்லை. அதுவும் நண்டு நன்றாகப் பட்ட நாள்களில். நல்ல பிடிப்பு வேறு வியாபாரியின் கூடத்துக்குப் போயிருக்கிறது, எங்களுக்கு வந்தது மிச்சம். அடுத்த தடைக்காலத்தில் முதலாளி முதல் படகுக்குக் கேட்டதைக் கொடுத்தார். இரண்டாமவரைக் கூப்பிட்டு வைத்துச் சண்டை போடவில்லை. "அண்ணே, இந்தத் தடவை கை கடிக்குது" என்று கொஞ்சமாகக் கொடுத்து நிறுத்திக்கொண்டார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தொலைதூரக் கல்வியில் படித்தபோது மேலாண்மைத் தகவல் அமைப்பு என்று ஒரு பாடம் இருந்தது. 1971-இல் கோரி, ஸ்காட் மார்ட்டன் என்ற இருவர் முடிவுகளை மூன்றாகப் பிரித்தார்கள்: விதி போட்டு இயந்திரத்திடமே விட்டுவிடக் கூடியவை, ஆளே யோசிக்க வேண்டியவை, நடுவில் பாதிக்குப் பாதி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விஷயம்தான். முன்பணம் அந்த நடுவகை. எவ்வளவு நிலுவை, எத்தனை நாள் வந்தார் என்பதைத் தாள் சொல்லும். அவர் வீட்டில் அடுத்த மாதம் கல்யாணம் என்பதை முதலாளிதான் சொல்ல வேண்டும்.

எடைக்கு வருகிறேன். விடியற்காலையில் படகுத்துறை ஜெட்டியில் நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தராசைப் பிளாஸ்டிக் தாளால் மூடியிருப்போம், பெட்டியை வைத்ததும் எண் ஆடும், அது நிற்பதற்குள் அடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆள் நிற்பார். தம்பி ஈரக் கையோடு சீட்டு எழுதுவான். 1-ஆ 7-ஆ என்று மதியம் நான் உட்கார்ந்து யோசிப்பேன். தண்ணீருக்கும் ஓடு இளகிய நண்டுக்கும் கழிவு போட்ட பிறகு மிஞ்சும் எடையைத்தான் முன்பெல்லாம் ஏற்றுவோம். டேலியில் உண்மை அளவு, பில் அளவு என்று இரண்டு கட்டம் வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அதைத் திறந்துவிட்டு இரண்டையும் ஏற்றினோம். நண்டு சதையாக மாறுவதை மேனுஃபாக்சரிங் ஜர்னலில் (மூலப்பொருள் சரக்காக மாறுவதை எழுதும் டேலிப் பதிவு) போட்டோம். ஒரு சீசன் ஓடியதும் எந்தப் படகு நண்டில் சதை தேறுகிறது என்று தெரிந்தது. பெட்டிக்கு ஐஸ் கஞ்சத்தனம் பண்ணாத படகுகள்தான் அவை. எல்லோருக்கும் ஒரே கழிவு என்ற பழக்கத்தை விட்டு, அவர்களுக்குக் கழிவைக் குறைத்தார் முதலாளி. அதைக் கேள்விப்பட்டு மற்றவர்களும் ஐஸ் கூட்டினார்கள்.

சதை எடுக்க வரும் அக்காமார்களை எத்தனை பேர் வரச் சொல்வது என்பதற்கும் இந்தத் தாளைப் பார்க்கிறோம். வரச் சொல்லிவிட்டு நண்டு இல்லையென்றால் அவர்களுக்கு பஸ் காசும் ஒரு நாளும் நட்டம். இப்போது எத்தனை படகு டோக்கன் வாங்கியது என்று மாலையிலேயே பார்த்து, அதே காற்றுக்கு முன்பு எவ்வளவு வந்தது என்று பார்த்து ஆள் சொல்லிவிடுகிறோம். எல்லா நாளும் பலிப்பதில்லை, பெரும்பாலும் பலிக்கிறது.

இடையில் ஒரு வெளியூர் நிறுவனத்தின் கிளவுட் ஆப் ஒன்றுக்கும் பணம் கட்டினோம். பெயர் வேண்டாம். வண்ண வண்ணமாக வரைபடம், கைபேசியிலேயே லாப நட்டம், நாளைய விலைக் கணிப்பு. ஜெட்டியில் சிக்னல் இல்லாத நேரம் ஏற்றியது காணாமல் போகும். டோக்கன் இல்லாத நாளைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு வரத்து சரிகிறது என்று எச்சரிக்கை அனுப்பும். தடைக்காலத்தில் தினமும் அனுப்பியது. விலகும்போது எங்கள் கணக்கையே எங்களுக்கு பிடிஎஃப்-ஆகத்தான் கொடுத்தார்கள். வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, போட்ட கணக்கை எக்செலில் திருப்பி எடுக்க முடியுமா என்பதைத்தான். வரைபடத்தின் அழகை அப்புறம் ரசிக்கலாம்.

நிர்வாகிகளுக்குத் தகவல் போதவில்லை என்பதை விடத் தேவையில்லாத தகவல் குவிவதுதான் தொல்லை என்று மேலாண்மை அறிஞர் ரஸ்ஸல் அக்காஃப் 1967-லேயே எழுதிவிட்டார். முதலாளியின் வாட்ஸ்அப்பைப் பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள். இப்போது வாரத்துக்கு ஒரு படம் மட்டும் அனுப்புகிறேன்: படகு வாரியாக நிலுவை, டோக்கன் நாளுக்கு வரத்து, சதை தேறிய அளவு. வேறு வேண்டுமென்றால் அவரே கேட்பார்.

விலைக்கு இது எதுவும் உதவவில்லை. அது தூத்துக்குடியிலிருந்து வரும் போனில்தான் முடிவாகிறது. பழைய விலையை எத்தனை விதமாகப் போட்டுக் காட்டினாலும் முதலாளி ஒரு பார்வை பார்த்துவிட்டு போனை எடுத்துவிடுவார். அவர் செய்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது.

பிரைமில் பிடித்த இன்னொன்று எடிட் லாக், அதாவது பதிவில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் குறித்து வைக்கும் வசதி. 2023 ஏப்ரல் முதல் சட்டப்படி பதிவான கம்பெனிகளின் கணக்கு மென்பொருளுக்கு அது கட்டாயம். கம்பெனி என்று சொன்னாலும் எங்களுடையது பார்ட்னர்ஷிப், கட்டாயமில்லை. இருந்தும் போட்டுக்கொண்டோம். சீட்டு விலையை யார் எப்போது மாற்றினார்கள் என்று தெரிவதால் படகுக்காரரோடு வாக்குவாதம் குறைந்திருக்கிறது.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949 முதல் 1971 வரை எங்கள் மண்டபம் கேம்பில்தான் இருந்தது, பிறகு கொச்சிக்குப் போனது. கரைக்கு வரும் மீனை மாதிரிக் கணக்கெடுப்பில் எழுதுகிற வேலையை அவர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு நாங்கள் இவ்வளவு தாமதமாகத் தாள் போட்டது வேடிக்கைதான்.

கீழக்கரையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கு இந்தத் தாள் தேவையில்லை, டேலியில் இருக்கிற அறிக்கைகளே போதும். ஐஸ் பிளாண்ட், வலைக்கடை, மீன் லாரி என்று படகு போனால்தான் காசு பார்க்கிறவர்களுக்கு அவசியம் வேண்டும். நாட்டுப்படகுக்கு இதே கணக்கை எப்படிப் போடுவது என்று இன்னும் பிடிபடவில்லை. அவர்கள் காற்றைப் பார்த்து நினைத்த நேரம் போகிறார்கள், சில நாள் இரண்டு தடவைகூடப் போகிறார்கள். பாம்பனிலோ தொண்டியிலோ யாராவது இதற்கு வழி கண்டிருந்தால் சொல்லுங்கள்.