சமதள மேப்பிள் தோப்புக்கு 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு: ஒரு பருவப் பயன்பாட்டுக்குப் பின்

ஒன்டாரியோவின் லானார்க் பகுதியில் எங்கள் குடும்பமும் நண்பர் குடும்பமும் சேர்ந்து பராமரிக்கும் மேப்பிள் தோப்பு ஏறக்குறைய சமதளத்தில் இருக்கிறது. அங்கு சிரப்பு (இனிப்புப் பாகு) காய்ச்சுவதற்காக மரங்களில் இட்ட சுமார் 80 துளைகளிலிருந்து வரும் சாற்றை வாளிகளில் சேர்ப்பதற்குப் பதிலாகக் குழாய் வழியே இழுப்பதற்கு, 12 வோல்ட்டில் ஓடும் சிறிய டயாஃப்ரம் பம்பு (உள்ளே ஒரு சவ்வு அசைந்து திரவத்தை இழுக்கும் வகை) ஒன்றைச் சென்ற பருவம் முழுவதும் பயன்படுத்தினோம். படகுகளிலும் கேம்பர் வண்டிகளிலும் குடிநீர் ஏற்றப் பயன்படும் அதே வகைப் பம்புதான். அதனுடன் ஒரு வெற்றிட மானி, ஒரு வலைவடிகட்டி, சில இணைப்புகள் ஆகியவற்றைச் சேர்த்து மேப்பிள் தொகுப்பு என்று விற்கிறார்கள். 100 துளைகளுக்கு உட்பட்ட தோப்புக்கு இது போதுமான கருவி என்றே கருதுகிறேன். ஆனால் இதை வாங்குபவர் பருவம் தொடங்கியதுமே சந்திக்கப்போகும் சிக்கல்களைப் பற்றி உடன் வரும் ஒற்றைத்தாள் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை.

வெற்றிடத்துக்காக இவ்வளவு பாடுபடுவது ஏன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரவில் உறைந்து பகலில் இளகும்போது மரத்துக்குள் அழுத்தம் உயர்ந்து, துளை வழியே சாறு வெளியேறுகிறது. துளைக்கு வெளியே அழுத்தத்தைக் குறைத்தால் சாறு கூடுதலாகவும் கூடுதல் நேரமும் வரும். வெற்றிடம் ஒரு பாதரச அங்குலம் (வெற்றிடத்தை அளக்கும் அலகு; இனி அங்குலம்) கூடும்போது விளைச்சல் சுமார் 5 முதல் 7 விழுக்காடு கூடும் என்பது வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் ப்ராக்டர் ஆய்வு மையத்தின் வழியாகப் பரவலாக அறியப்பட்ட கணக்கு. சாற்றில் சர்க்கரை 2 விழுக்காடு அளவில்தான் இருக்கும். ஒரு லிட்டர் சிரப்புக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைக் காய்ச்ச வேண்டும் என்பதால், சிறிய தோப்பில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

எங்கள் வெற்றிட மானி முதல் நாளே ஏமாற்றம் தந்தது. பம்பு 20 அங்குலத்துக்கு மேல் தரும் என்று விற்பனையாளர் சொல்லியிருந்தார்; முள்ளோ 11-ஐத் தாண்டவில்லை. இந்த நிலையில் பலர் பம்பையே குறை சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை எளிது. பம்புக்குச் சற்று முன்னால், கிளைக்குழாய்கள் எல்லாம் வந்து சேரும் தாய்க்குழாயில் ஒரு பந்து வால்வைப் பொருத்தி, மானியை அந்த வால்வுக்கும் பம்புக்கும் இடையில் வைத்து, வால்வை மூடிப் பார்க்க வேண்டும். மூடியதும் முள் 22-க்கு ஏறினால் பம்பு நலமாக இருக்கிறது, காற்று தோப்பில் எங்கோ உள்ளே புகுகிறது என்று பொருள். மூடிய பிறகும் முள் ஏறாவிட்டால்தான் பம்பின் வால்வுகளையோ அதன் இணைப்புகளையோ பார்க்க வேண்டும். எங்களுக்கு முள் சட்டென்று ஏறியது. ஓட்டையுள்ள ஸ்ட்ராவில் எவ்வளவு வலுவாக உறிஞ்சினாலும் பானம் மேலே ஏறாதது போல, கசியும் குழாயில் எந்தப் பம்பும் தன் திறனைக் காட்ட முடியாது. பெரிய தோப்புகளில் 100 துளைகளுக்கு நிமிடத்துக்கு ஒரு கன அடி காற்றை இழுக்கும் திறனை ஒதுக்குவது வழக்கம். இந்தச் சிறு பம்புக்கு அத்தகைய உபரித் திறன் கிடையாது என்பதால், ஒரே ஒரு கசிவு கூட மானியில் தெரிந்துவிடுகிறது.

கசிவைக் கண்டுபிடிக்கக் கண்ணே போதும். கிளைக்குழாயின் அருகில் நின்று, உள்ளே ஓடும் குமிழிகளைக் கவனிக்க வேண்டும். மரமும் சிறிது வாயுவை வெளியிடும் என்பதால், சிறு குமிழிகள் மெதுவாக நகர்வது இயல்பு. சாறு துண்டு துண்டாகப் பிரிந்து, நீண்ட காற்று இடைவெளிகளுடன் விரைந்து ஓடினால் அந்த வரிசையில் காற்று புகுகிறது. அந்த ஓட்டத்தை எதிர்த்திசையில் பின்தொடர்ந்து மரம் மரமாகப் போனால், எந்த இடத்துக்கு அப்பால் சாறு அமைதியாக இருக்கிறதோ அங்கே கோளாறு இருக்கும். அணில் கடித்த இரண்டு பல் தடங்கள், சரியாக இறங்காத ஸ்பவுட் (மரத் துளையில் செருகும் சாறு வடியும் மூக்கு), மிகையாக அடித்ததால் துளையின் மேலும் கீழும் வெடித்த மரம் ஆகிய மூன்றும்தான் எங்கள் தோப்பில் திரும்பத் திரும்ப வந்தன. இவற்றைச் சரிசெய்த பின் முள் 19-இல் நின்றது.

பம்புக்கென்றே உரிய குறைகளும் உண்டு. சாறு குறைவாக வரும் நேரங்களில் உள்ளே பெரும்பாலும் காற்றுதான் போகிறது. அப்போது ரப்பர் வால்வுகள் உலர்ந்து, சரியாகப் படியாமல், வெற்றிடம் இறங்கிவிடுகிறது. இதற்குப் பலரும் கையாளும் தீர்வு, வெளியேறும் சாற்றின் ஒரு பகுதியைச் சிறிய கலத்தில் பிடித்து, மெல்லிய குழாய் வழியே மீண்டும் உள்வாய்க்கு அனுப்பி, வால்வுகளை எப்போதும் ஈரமாக வைப்பது. சில டாலரில் முடியும் இந்த மறுசுழற்சி அமைப்பைத் தொகுப்பிலேயே சேர்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பருவத்தின் நடுவில் ஒரு வால்வு தேய்ந்தபோது, அந்த உதிரித் தொகுதி கையிருப்பில் இல்லை, புதிய பம்பையே வாங்குங்கள் என்று வாங்கிய கடையில் சொன்னது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. சாறு வரும் நாள்கள் சில வாரங்களே. அந்த நேரத்தில் உதிரிப்பாகம் இல்லையென்றால் விற்பனையாளர் தன் கடமையில் பாதியைத்தான் செய்திருக்கிறார். ஆகவே வாங்கும்போதே டயாஃப்ரமும் வால்வுகளும் அடங்கிய உதிரித் தொகுதி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

உறைபனி இன்னொரு எதிரி. இரவில் பம்பின் தலைப்பகுதியில் தங்கிய சாறு உறைந்து விரிந்தால் பிளாஸ்டிக் உறை வெடித்துவிடும். வெப்பநிலைக் கட்டுப்படுத்தி ஒன்றைப் பொருத்தி, உறைநிலைக்குச் சற்று மேலே பம்பு தானாக இயங்கித் தானாக நிற்கும்படி அமைத்தாலும், நின்ற பிறகு உள்ளிருக்கும் சாறு வடிந்துவிட வேண்டும். பம்பை அனற்காப்புப் பெட்டியில் வைத்துச் சிறிய வெப்ப விளக்கும் போடுவது பாதுகாப்பானது. பம்பிலுள்ள அழுத்த சுவிட்சைத் தேவையற்றது என்று சிலர் நீக்கிவிடுகிறார்கள். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வெளிக்குழாய் உறைந்து அடைபட்டால் பம்பை நிறுத்திக் காப்பது அந்தச் சுவிட்சு ஒன்றுதான்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதியளவே செலவிடலாம் என்று கொண்டால், 5 ஆம்பியர் இழுக்கும் பம்பு 10 மணி நேரம் ஓடும். குளிரில் அதற்கும் குறையும். இரவிலும் சாறு நிற்காத நாள்களுக்கு இது போதாது.

நிலத்தில் நல்ல சரிவு இருப்பவர்கள் இந்தப் பம்பை வாங்க வேண்டியதே இல்லை. 3/16 அங்குலக் குழாயில் சாறு இடைவெளியின்றி நிறைந்து இறங்கும்போது, ஓர் அடி இறக்கத்துக்குச் சுமார் 0.88 பாதரச அங்குலம் என்ற கணக்கில் அதன் எடையே வெற்றிடத்தை உண்டாக்கிவிடும். நுண்ணுயிர் வளர்ச்சியால் அந்த மெல்லிய குழாய் அடைபடாமல் ஆண்டுதோறும் சுத்தம் செய்வதே அங்குள்ள வேலை. எங்கள் தோப்பின் வட ஓரத்தில் சரிவில் நிற்கும் மரங்களை வரும் பருவத்தில் அந்த முறைக்கு மாற்றிவிட்டு, சமதளத்து மரங்களை மட்டும் பம்பில் வைத்திருக்க முடிவு செய்திருக்கிறோம். துளைகள் குறைவதால், பம்பு அங்கே 20 அங்குலத்துக்கு மேல் நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன்.