கடையில் தொங்க வைப்பதா, தபாலில் அனுப்புவதா: காமிக்ஸ் விற்கப் போன கதை

பழைய காமிக்ஸ் பேச்சு எங்கே எழுந்தாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "முன்னாடியெல்லாம் பெட்டிக்கடையிலேயே தொங்குமே, இப்ப ஏன் எங்கயும் கண்ணுல படறதில்ல?" நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு காலாண்டுக் காமிக்ஸ் இதழை மூன்று இதழ்கள் வரை நடத்திவிட்டு நிறுத்தியவர்கள். வெற்றிக்கதை சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் கடை, சந்தா, புத்தகக் கண்காட்சி, ஆன்லைன் என்று இருக்கிற எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தோம். எது எப்படித் திறந்தது என்று சொல்லத் தெரியும்.

முதலில் அந்தப் பெட்டிக்கடைக் காலம். 1972-ல் இரும்புக்கை மாயாவி என்ற நாயகனின் கதையோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984-ல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்தன. ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய்; மாதம் இரண்டு, 1-ஆம் தேதி ஒன்று, 15-ஆம் தேதி ஒன்று. அது குக்கிராமம் வரைக்கும் போய்ச் சேர்ந்ததற்கு அதில் வந்த ஜேம்ஸ் பாண்ட் கதைகள் மட்டும் காரணமில்லை. விடிவதற்குள் ஊர் ஊராகப் பேப்பர் கட்டு இறக்கும் ஏஜென்ட் வலை அந்தக் குழுமத்திடம் ஏற்கெனவே இருந்தது. நாளிதழ் போகிற ஊருக்குக் காமிக்ஸ் போவதில் என்ன கஷ்டம்? கடைக்காரருக்கும் அதே ஏஜென்ட், அதே கணக்குநோட்டு. இந்த வசதி இல்லாதவர்கள் ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஏஜென்டைத் தேடிப் பிடித்து, கட்டு அனுப்பி, பணத்துக்குக் கடிதம் மேல் கடிதம் போட வேண்டும். அப்படிப்பட்ட வலையைப் பிடித்து ஓடிய ராணி காமிக்ஸே 2005-ல் நின்றுபோனது என்பதையும் இங்கே சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சரி, எங்கள் கதை. 64 பக்கம், கறுப்பு வெள்ளை, விலை 60 ரூபாய், ஆயிரம் பிரதி அடித்ததில் ஒன்றுக்கு 28 ரூபாய் அச்சுச் செலவு. ஏஜென்ட் கேட்டது 40 சதவீதம். அதில் பாதிக்கு மேல் கடைக்காரருக்குப் போகும் என்றார், போனதா என்று அவருக்குத்தான் தெரியும். விற்காதது ரிட்டர்ன், பணம் மூன்று மாதம் கழித்து. மேலோட்டமாகப் பார்த்தால் 36 ரூபாய் கைக்கு வருகிறது, 28 செலவு, 8 ரூபாய் லாபம். நாங்களும் அப்படித்தான் கணக்குப் போட்டோம். 100 பிரதி கொடுத்து 60 விற்றால் வருவது 2,160 ரூபாய். ஆனால் அச்சிட்டது 100 பிரதி, அதன் செலவு 2,800. அறுபது சதவீதம் விற்றும் 640 ரூபாய் நஷ்டம், அதில் லாரி சர்வீஸ் கூலி சேரவில்லை. ரிட்டர்ன் வருகிற பிரதிகளோ கட்டிய கயிற்றின் தழும்பும் ஓரம் மடங்கலுமாக வரும். அதை யாரிடம் மறுபடி விற்பது?

ஏஜென்ட் வேண்டாம் என்று நேரடியாகவும் போய்ப் பார்த்தேன். திருநெல்வேலியில் ஒரு பேருந்து நிலையக் கடை. அண்ணாச்சி இதழைப் புரட்டினார், படம் நல்லாருக்கு என்றார், அப்புறம் கேட்டார்: "எத்தனாந் தேதி வரும் தம்பி?"

"மூணு மாசத்துக்கு ஒருக்கா அண்ணாச்சி."

"அப்ப மூணு மாசமும் இந்தக் கிளிப்ப ஒனக்கே பிடிச்சு வச்சிருக்கணுமா?"

பதில் சொல்ல முடியவில்லை. அவர் கடை முகப்பில் கயிறு கட்டிக் கிளிப் போட்ட இடம் மொத்தம் நான்கு அடி இருக்கும். வாரப் பத்திரிகைக்கு வாரத்துக்கொரு முறை ஆள் வருகிறது, அதை வாங்க வருகிறவர் கூடவே ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வாங்குகிறார். ஷாம்பு சரம் தொங்கினால் தினமும் பத்து கிழிகிறது. எங்கள் இதழ் இரண்டாவது வாரத்திலேயே வெயிலில் அட்டை வெளுத்து, பழசு மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும். அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் ஐந்து பிரதி வாங்கிக்கொண்டார், கையில் காசும் கொடுத்தார்.

இன்னொரு ஊரில் ஐம்பது பிரதி கொடுத்த கடைக்கு மூன்று மாதம் கழித்து வசூலுக்குப் போனேன். வாட்டர் கேன்களுக்குப் பின்னால் எங்கள் கட்டு இருந்தது. சணல் முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நான் போட்ட முடிச்சு. பிரிக்கவே இல்லை. விற்கவில்லை என்றால்கூட மனசு ஆறும், இது வெளிச்சத்தையே பார்க்கவில்லை.

இதற்கு நேர் எதிர் சந்தா. பணம் முதலில் வருகிறது, எத்தனை அடிக்க வேண்டும் என்று தெரிகிறது, ரிட்டர்ன் கிடையாது. 2012-ல் 100 ரூபாய்க் கம்பேக் ஸ்பெஷலோடு திரும்பி வந்த லயன்-முத்து இன்றுவரை ஓடுவதும் முக்கியமாகச் சந்தா, புத்தகக் கண்காட்சி, ஆன்லைன் ஆகியவற்றை வைத்துத்தான். சில ஆயிரம் பேர் முன்பணம் கட்டத் தயாராக இருந்தால் நல்ல தாளில், வண்ணத்தில், வெளிநாட்டுக் கதைகளை உரிமம் வாங்கிப் போட முடியும். கடையை நம்பி அந்த விலைக்கு அச்சடித்தால் தலையில் துண்டுதான்.

ஆனால் தபாலிலும் முள் உண்டு. செய்தி இதழ்களுக்கான மலிவு அஞ்சல் கட்டணம் 31 நாளுக்குள் ஒருமுறையாவது வரும் பதிவுபெற்ற இதழ்களுக்குத்தான். காலாண்டிதழுக்கு அந்தச் சலுகை இல்லை. பதிவு நூல் அஞ்சல் என்று ஒன்று இருந்தது, சிறு பதிப்பாளர்களுக்கு உயிர்நாடி, 2024 டிசம்பரில் அதையும் நிறுத்திவிட்டார்கள். 2025 மே மாதம் புத்தகங்களுக்கென்று 'ஞான் போஸ்ட்' வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாய். 60 ரூபாய் புத்தகத்துக்கு இருபது ரூபாய் என்பது மூன்றில் ஒரு பங்கு. கடைக்காரர் கமிஷன் கேட்டால் கோபம் வருகிறது, தபால்காரருக்கும் கிட்டத்தட்ட அதையேதான் கொடுக்கிறோம். என்ன, இவர் ரிட்டர்ன் அனுப்புவதில்லை, அனுப்பினாலும் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது என்று காரணம் எழுதி அனுப்புவார்.

சந்தாவின் பெரிய குறை வேறு. முன்னமே நம்மைத் தெரிந்தவர்தான் சந்தா கட்டுவார். எங்கள் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் எண்பதுகளில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள், நாற்பது தாண்டியவர்கள். அவர்கள் அன்புக்கு அளவே இல்லை, இதழ் இரண்டு நாள் தாமதமானால் போனிலேயே திட்டுவார்கள். ஆனால் பத்து வயதுப் பையன் ஒருவன்கூட ஜிபேயில் ஆண்டுச் சந்தா கட்டப்போவதில்லை. அவன் அப்பாவோடு பேருந்துக்கு நிற்கும்போது கண்ணில் பட்டால்தான் உண்டு.

ஆன்லைன் கடைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐநூறு ரூபாய்த் தொகுப்புக்குச் சரி. 60 ரூபாய் ஒற்றை இதழை அங்கே போட்டால் அனுப்பும் செலவே இதழின் விலையைத் தொட்டுவிடுகிறது.

புத்தகக் கண்காட்சி நடுவில் நிற்கிறது. சென்னையில் புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசி 1977-லிருந்து நடத்துகிறது, ஈரோட்டில் ஆகஸ்டில் பெரிதாக நடக்கிறது, இப்போது அரசு உதவியோடு மாவட்டந்தோறும் வந்துவிட்டது. வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடி போனாலும் பணம் அன்றன்றைக்கே கையில். அரங்க வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாததால் நண்பரின் அரங்கில் ஒரு மூலையை வாங்கிக்கொண்டோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையில் வரிசையாக வருவார்கள், பெரும்பாலும் கையில் இருபதோ ஐம்பதோ. ஒரு பெண் எங்கள் இதழை எடுத்து நின்றபடியே பன்னிரண்டு பக்கம் படித்துவிட்டு விலையைப் பார்த்தாள், உள்ளங்கையை விரித்து நாணயங்களை எண்ணினாள், திரும்ப வைத்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே 30 ரூபாய்க்கு 32 பக்கம் போட்டிருக்க வேண்டும் என்று எங்களுக்குள் சண்டை. ஆனால் கண்காட்சி ஊருக்கு வருவது ஆண்டுக்கு ஒருமுறை, பத்துப் பன்னிரண்டு நாள். தொடர்கதையை அதை நம்பிப் போட முடியாது.

ஆக, காசு கணக்குப்படி கடை நஷ்டம், சந்தா லாபம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். இடையில் ஒன்று நடந்தது. இரண்டாவது இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு சந்தா கூப்பன் வைத்திருந்தோம். நிரப்பி அனுப்பியவர்கள் 23 பேர். எங்கே வாங்கினீர்கள் என்று ஒரு கோடு விட்டிருந்தோம். அதில் ஒன்பது பேர் கடை என்று எழுதியிருந்தார்கள், அந்த ஒன்பதில் நான்கு திருநெல்வேலி பேருந்து நிலையம்.

ஐந்து பிரதி கொடுத்த அதே அண்ணாச்சி கடை. ஐம்பது வாங்கிக்கொண்டு கட்டைப் பிரிக்காத கடையிலிருந்து ஒன்றும் வரவில்லை. மறுபடி தொடங்கினால் நான் செய்வது இதுதான்: பத்தே பத்துக் கடை, கடைக்கு ஐந்து பிரதி, பாதி விலைக்கு ரொக்கம், ரிட்டர்ன் கிடையாது. மீதி எல்லாம் சந்தா. அந்த ஐம்பது பிரதியில் பிரதிக்கு இரண்டு ரூபாய் வரும் லாபத்தை வரவில் எழுதவே மாட்டேன், விளம்பரச் செலவுக் கணக்கில் போட்டுவிடுவேன். நண்பர்கள் இருவரும் இதற்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களில் ஒருவன் வீட்டுப் பரணில் முதல் இதழ் 310 பிரதி இருக்கிறது, அவன் வாயைத் திறந்தால் அதைப் பற்றித்தான் பேச்சு.