ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு எந்த வாட்ச்? ஒரு பட்டர்வொர்த் கணக்கு

போன மாதம் இழுப்பறையைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். பதினொரு வாட்ச். ஓடிக்கொண்டிருந்தவை நான்கு. மற்ற ஏழும் சர்வீஸுக்கோ பேட்டரிக்கோ காத்துக் கிடந்தன. அதே வாரத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது, மகளின் பள்ளி வேன்காரர் கட்டணத்தை ஏற்றினார். நான் காலையில் சாப்பிடும் கடையில் 1.20 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்த ரொட்டி சானாய் 1.80 ஆகி ரொம்ப நாளாயிற்று. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் குடியிருந்து, பினாங்குப் பாலம் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவன் நான். 2019 ஜனவரியிலிருந்து பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது. எனக்குத் தெரிந்து என் செலவில் குறைந்தது அது ஒன்றுதான்.

முன்பெல்லாம் மாதம் 200, 250 வெள்ளியை வாட்சுக்கென்றே ஒதுக்குவேன். இப்போது இழுத்துப் பிடித்தால் மாதம் 125. வருடத்துக்கு 1,500. இந்தப் பணத்தை எந்த வழியில் போடுவது என்று நாலு வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதிய ஜப்பான் ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே சாவி ஏறும் வாட்ச்) ஒன்று. பழைய பொருள் சந்தையில் பழைய வாட்ச். இணையத்தில் சீன வாட்ச். இது மூன்றும் வேண்டாம் என்று வாயைக் கட்டி, சுவிஸ் வாட்ச் ஒன்றுக்குச் சேர்ப்பது.

கடையில் தொங்கும் விலைச்சீட்டை மட்டும் பார்த்துத்தான் என் இழுப்பறையில் ஏழு வாட்ச் செத்துக் கிடக்கிறது. அதனால் இந்த முறை வேறு அளவுகோல்: வாங்கிய நாளிலிருந்து ஐந்து வருடம் அது கையில் ஓட மொத்தம் எவ்வளவு ஆகும்?

முதலில் சுவிஸ், ஏனென்றால் ஆசை அங்கேதான் இருக்கிறது. நான் கண் வைத்தது புதிதாக வாங்கினால் 12,000 வெள்ளியை ஒட்டி வரும். மாதம் 125 சேர்த்தால் 96 மாதம், அதாவது எட்டு வருடம். எட்டு வருடம் காத்திருக்கலாம், காத்திருப்பது ஒன்றும் பாவமில்லை. ஆனால் நான் நடக்கிற வேகத்தில் அதன் விலை ஓடுகிறது. 2014 நடுவில் ஒரு சுவிஸ் பிராங்க் ஏறக்குறைய 3.60 வெள்ளி. 2024 பிப்ரவரியில் நம் வெள்ளி 1998-க்குப் பிறகு இல்லாத அளவுக்கு விழுந்தபோது அதே பிராங்க் 5.40-ஐ ஒட்டி நின்றது. ஜெனீவாவில் ஒரு காசுகூட விலை ஏற்றாமல் இருந்திருந்தாலும் பினாங்கில் நிற்பவனுக்கு அது பாதிக்குப் பாதி கூடுதல். அவர்களோ வருடா வருடம் ஏற்றுகிறார்கள்.

யென் கதை வேறு. 2014-ல் 100 யென் 3.15 வெள்ளி அளவில் இருந்தது. 2024 பிப்ரவரியிலும் 3.20-ஐ ஒட்டியே நின்றது. நம் பணம் விழுந்த அளவுக்கு ஜப்பான் பணமும் விழுந்தது. நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர் கைகளில் சீக்கோவும் சிட்டிசனும் கேசியோவும் நிலைத்திருப்பதற்குப் பிராண்டு பாசம் மட்டும் காரணமில்லை.

சுவிஸ் வாட்சில் சர்வீஸும் தனிக் கதை. ஐந்திலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை முழு சர்வீஸ் செய்யச் சொல்வார்கள். நான் விசாரித்த இடத்தில் சொன்ன தொகை 2,500. 2024 மார்ச் 1-இலிருந்து சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனதோடு, பழுதுபார்ப்பு வேலையும் அந்த வரிக்குள் வந்துவிட்டது. கடை முன் நடைபாதையான ஐந்தடியில் உட்கார்ந்து வாட்ச் பழுது பார்க்கிற ஆளுக்கு இந்த வரி இல்லை, வருடத்துக்கு ஐந்து லட்சம் வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்கிறவர்களுக்குத்தான். சுவிஸ் வாட்சைப் பிரிக்கிற இடங்கள் பெரும்பாலும் அந்த வகை. கணக்குப் போட்டேன். 12,000 கொடுத்து வாங்கி, ஐந்தாம் வருடம் 2,500-க்கு சர்வீஸ் செய்து, 8,000-க்கு விற்றால் நஷ்டம் 6,500. மாதத்துக்கு 108 வெள்ளி. என் மொத்த ஒதுக்கீடே 125.

“அது நஷ்டமே இல்லை, வாட்ச் ஒரு முதலீடு” என்று சொல்லிவந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். 2022 தொடக்கத்தில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. கடையில் கிடைக்காத ரோலெக்ஸ் வெளியில் கடை விலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்த வருடம் நடுவிலிருந்தே விலை இறங்கியது. உச்சத்தில் வாங்கிய அந்த நண்பர் இன்னும் அதைக் கட்டிக்கொண்டுதான் வருகிறார், ஆனால் முதலீடு என்ற சொல் அவர் வாயில் வருவதில்லை.

என் மனைவியின் வாதம் அதைவிடச் சுருக்கம். “என்னங்க, ஆத்திர அவசரத்துக்கு வளையலை வெச்சா அடகுக் கடையில காசு எண்ணிக் குடுக்கறான். உங்க சீக்கோவ வெச்சா என்ன குடுப்பான்?” பதில் இல்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற அடகுக் கடை மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. வளையலுக்கு அது ஒரு வசதி. சில சுவிஸ் வாட்சுகளையும் எடுத்துக்கொள்வார்கள். சீக்கோ ஐந்து என்ற மாடலை நீட்டினால் மணி என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தருவார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சுவிஸ் இயந்திரம் என்றாலே ஜெனீவாக் கடைதான் என்று இல்லை. கோலாலம்பூரில் மிங் தெய்ன் 2017-ல் தொடங்கிய மிங் நிறுவனத்தின் முதல் வாட்ச் 17.01. டைட்டானியம் கூடு, சாவி கொடுக்கும் சுவிஸ் இயந்திரம், விலை 900 பிராங்க். அன்றைய மதிப்பில் 4,000 வெள்ளிக்குச் சற்று முன்பின். 2019-ல் அவர்களின் 17.06 ஜெனீவாவில் பரிசு வாங்கியது. அந்த முதல் வாட்சை வாங்காமல் விட்டது என் வாழ்நாள் வயிற்றெரிச்சல்களில் ஒன்று. இப்போது அவர்கள் விலை எனக்கு எட்டாத மரக்கிளை.

சரி, ஜப்பானுக்கு வருவோம். புதிய சீக்கோ ஐந்து ஸ்போர்ட்ஸ், அல்லது சிட்டிசன் சுயோசா. 1,200, 1,300 வெள்ளிக்குள் முடியும். சீக்கோவில் எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. 1996-இலிருந்து ஓடிய எஸ்கேஎக்ஸ்007-ஐ 2019-ல் நிறுத்தினார்கள். அது 200 மீட்டர் தாங்கும் நிஜமான முக்குளிப்பு வாட்ச். அதே முகத்தோடு வந்த புதிய சீக்கோ ஐந்து 100 மீட்டர்தான், விலை மட்டும் இறங்கவில்லை. பதிலுக்குக் கிடைத்தது 4ஆர்36 இயந்திரம். கையால் சாவி கொடுக்கலாம், குமிழை இழுத்தால் நொடி முள் நிற்கும். ஒரு நாளைக்கு 45 நொடி முந்தவோ 35 நொடி பிந்தவோ செய்யலாம் என்று நிறுவனமே எழுதித் தருகிறது. அந்தப் பணத்துக்கு இது துல்லியம் இல்லைதான். ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிடுகிற அளவும் இல்லை.

அதன் பெரிய பலம் வேறு. 4ஆர்36-க்குப் பெயர் அச்சடிக்காத உடன்பிறப்பு ஒன்று உண்டு, என்எச்36. இயந்திரம் கெட்டால் கழுவி எண்ணெய் போடுவதைவிடப் புதிதாக ஒன்றை வாங்கிச் செருகுவது பல நேரம் மலிவு. நான் செய்தபோது கூலியோடு 200 வெள்ளி ஆனது. 1,250-க்கு வாங்கியது, ஐந்து வருடத்தில் இயந்திரம் ஒருமுறை 200, ரப்பர் வளையமும் தண்ணீர்ச் சோதனையும் 50, ஆக 1,500. 600-க்கு விற்கலாம். நிகரம் 900, மாதம் 15 வெள்ளி.

பழைய வாட்சுக்கு லோரோங் கூலிட். ஜார்ஜ்டவுனில் ஸ்டேடியத்தை ஒட்டிய காலைச் சந்தை. வெயில் ஏறுவதற்குள் போனால்தான் மரியாதை. தார்ப்பாயில் பழைய சாவிக்கொத்து, சில்லறை நாணயம், ரேடியோ, நடுவில் ஒரு பிஸ்கட் டின் நிறைய வாட்ச். கையில் எடுத்து லேசாக ஆட்டிக் காதில் வைத்துக் கேட்கும் அந்த அரை நிமிடத்துக்காகவே நான் இன்னும் போகிறேன், வாங்குவதற்கு இல்லாவிட்டாலும். 350 வெள்ளிக்கு நல்ல பழைய சீக்கோ அகப்படலாம். அகப்பட்ட பிறகுதான் செலவு. சர்வீஸ் 180, கண்ணாடியும் ரப்பரும் 70, நம் ஊர்ப் புழுக்கத்தில் நாறிப் போகும் தோல் பட்டைக்கு ஐந்து வருடத்தில் இரண்டு முறை தலா 60, நாலாம் வருடம் திரும்பவும் சர்வீஸ் 180. மொத்தம் 900. புதிய சீக்கோவும் அதே 900-இல்தான் வந்து நின்றது. எனக்கே ஆச்சரியம், திரும்பக் கூட்டிப் பார்த்தேன்.

பழையதை விற்றால் ஒரு 300 திரும்ப வருமே என்று கேட்கலாம். வரும், ஏமாறாமல் வாங்கியிருந்தால். ஒருமுறை இணையத்தில் ஒரு ஆளிடம் எழுபதுகளின் சீக்கோ என்று 420 கொடுத்து வாங்கினேன். ஆரஞ்சு டயல், படத்தில் பழம் மாதிரி இருந்தது. எப்போதும் என் வாட்சுகளைப் பழுதுபார்க்கும் பாயிடம் எடுத்துப் போனேன். லென்ஸைக் கண்ணில் மாட்டி டயலைச் சாய்த்தார். நிமிடக் கோடுகள் விளிம்புக்கு வெளியே வழிந்திருந்தன, எழுத்துகள் ஈரத்தில் ஊறின மாதிரி தடித்திருந்தன. மூடியைத் திருகித் திறந்து என் பக்கம் திருப்பினார். உள்ளே 7எஸ்26. அது 1996-ல் வந்த இயந்திரம்.

“தம்பி, கூடு அப்பா காலம், குடல் பேரன் காலம்” என்றார்.

“திருப்பிக் குடுக்க முடியுமா பாய்?”

“வித்தவன் போன் எடுத்தானா?”

எடுக்கவில்லை. நான் வாங்கிய மூன்று பழைய வாட்சில் ஒன்று இப்படி. அந்த 420-ஐ மற்ற இரண்டின் தலையில் போட்டால், விற்று வரும் 300-இல் பெரும்பங்கு கரைந்துவிடுகிறது. அப்புறம், பழையதைக் கட்டிக்கொண்டு மழையில் பாலம் கடக்க முடியாது. கண்ணாடிக்குள் ஆவி கட்டினால் இரண்டு வாரத்தில் டயலில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. மழைக்காலத்தில் பாதி நாள் அது வீட்டில்தான்.

சீன வாட்ச் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உள்ளே பெரும்பாலும் சீக்கோவின் என்எச்35, கூடு கனமானது, கண்ணாடி கீறாது. 450 வெள்ளி, அதன் மேல் 10 விழுக்காடு வரி, ஏனென்றால் 500 வெள்ளி வரையிலான பொருளை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் 2024 ஜனவரி 1 முதல் இந்த வரி உண்டு. ஆக 495. இயந்திரம் மாற்ற 200. விற்றால் ஒன்றும் வராது என்றே வைத்தாலும் ஐந்து வருடத்துக்கு 695, மாதம் 12 வெள்ளிக்குள். என் அளவுகோலில் முதலிடம் இதற்குத்தான், மறைக்கவில்லை. ஆனால் முகம் ரோலெக்ஸின் முகம். கல்யாணத்துக்கு இரவல் வேட்டி கட்டிப் போன மாதிரி, யாராவது உற்றுப் பார்த்தால் கை தானாகப் பின்னால் போகிறது. நான் வாங்கியதை மொத்தம் பன்னிரண்டு நாள் கட்டியிருப்பேன். அந்தக் கூச்சம் இல்லாதவர் தாராளமாக வாங்கலாம், பணம் வீணில்லை.

போட்டியில் சேர்க்காத ஒன்று, கேசியோ எஃப்91டபிள்யூ. 21 கிராம், மாதத்துக்கு 30 நொடிதான் முன்பின், ஒரு பேட்டரி ஏழு வருடம். நேரம் மட்டும் வேண்டுமென்றால் மேலே எழுதிய எல்லாவற்றையும் அது தோற்கடித்துவிடும். தொழிற்சாலைக்குள் நான் கட்டுவதும் அதுதான்.

யாராவது இன்று முதல் வாட்ச் வாங்கக் கேட்டால் புதிய ஜப்பானைத்தான் சொல்வேன். பழையதும் அதே செலவுதான் என்றாலும், மழையில் நனையலாம், டயலைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டாம், உத்தரவாதச் சீட்டு இருக்கும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கிற ஊரில் 1,250 என்பதே பெரிய தொகை, அதில் சூதாட முடியாது. லோரோங் கூலிட் இரண்டாவது, மூன்றாவது வாட்சுக்கு. கூட ஒரு பாய் இருந்தால் மட்டும். சுவிஸ் வேண்டுமென்றால் வாங்குகிற விலையோடு சர்வீஸுக்கு மாதம் 40 வெள்ளியைத் தனியாக எடுத்து வைக்கத் தெம்பு வேண்டும். எனக்கு இல்லை.

என் 1,500 எங்கே போயிற்று என்றால், இந்த நாலிலும் இல்லை. செத்துக் கிடந்த ஏழில் சீனத்தையும் இன்னும் மூன்றையும் ஓடாத நிலையிலேயே விற்றேன், வந்த காசு டயருக்குச் சரியாகப் போயிற்று. மூன்றைப் பாயிடம் கொடுத்தேன். அதில் ஒன்று அப்பாவுடையது, எண்பதுகளின் சீக்கோ ஐந்து, உள்ளே 7009. தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நேரம் பார்க்க வாங்கியது. பாய் மூடியைத் திறந்தபோது ரப்பர் வளையம் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது. பல்குத்தும் குச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். சாவித் தண்டில் துரு. செயினின் இடுக்குகளில் கறுப்பாக இறுகிப்போன அழுக்கு.

“இது வேர்வை, தம்பி. பல வருஷத்து வேர்வை. செயினையும் கழுவவா?”

இயந்திரத்தை மட்டும் பாருங்கள் பாய், செயின் அப்படியே இருக்கட்டும் என்றேன். 180 வெள்ளி. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.