ஹனோயில் பழைய வெள்ளி நாணயம் வாங்கும் பயணிகளுக்கு ஓர் எச்சரிக்கை

போகும் நாட்டின் பழைய காசையும் நோட்டையும் நினைவாகக் கொண்டுவரும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வியட்நாமுக்குச் செல்லும் நம்மவர்களும் இப்போது பெருகிவருவதால், ஹனோயின் பழைய நகரப் பகுதியில், ஹோவான் கியெம் ஏரிக்கு அருகிலுள்ள தெரு ஒன்றில் எனக்கு நேர்ந்ததை விவரமாகப் பதிவு செய்கிறேன். கடையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதே சரக்கு அக்கம்பக்கத்துக் கடைகள் சிலவற்றின் கண்ணாடிப் பெட்டிகளிலும் இருந்ததைக் கண்டேன் என்பதால், ஒரு கடையை மட்டும் தவிர்ப்பதனால் பயனில்லை.

அங்கே பயணிகளுக்கு முதலில் எடுத்துக் காட்டப்படுவது பிரெஞ்சு இந்தோசீனாவின், அதாவது பிரெஞ்சு ஆட்சியில் வியட்நாமும் அண்டை நாடுகளும் அடங்கியிருந்த பகுதியின், பியாஸ்தர் நாணயம். ஒருபுறம் கதிர்முடி சூடி அமர்ந்திருக்கும் பெண்ணுருவமும் மறுபுறம் எழுத்துகளும் கொண்ட, 39 மில்லிமீட்டர் விட்டமுள்ள கனத்த காசு அது. கிழக்காசியத் துறைமுகங்களில் கோலோச்சிய மெக்சிகோ வெள்ளிக் காசுக்குப் போட்டியாக, 1885 முதல் பிரெஞ்சு அரசு இதனை வெளியிட்டது. தொடக்கத்தில் அதன் எடை 27.215 கிராம். மெக்சிகோ காசைவிடச் சற்றே கூடுதலாக வெள்ளி இருந்ததால் மக்கள் அதைப் பதுக்கினார்கள். ஆகவே 1895இல் எடை 27 கிராமாகக் குறைக்கப்பட்டது. வடக்கு மலைப்பகுதிகளில் வாழும் ஹ்மாங் மக்கள் இக்காசுகளை உருக்கி நகை செய்துகொண்டார்கள். இத்தனை வரலாறு படிந்த நாணயம் என்பதாலேயே அதன் போலியை விற்பது எனக்குச் சாதாரண வியாபார ஏமாற்றாகத் தோன்றவில்லை.

கடைக்காரர் ஒரு காசுக்குப் பன்னிரண்டு லட்சம் டோங் (வியட்நாமின் பணம்) கேட்டார். பேரத்திற்குப் பின் ஒன்பது லட்சத்துக்கு, அதாவது ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய்க்கு இறங்கினார். பார்த்ததும் போலி என்று சந்தேகிக்கும் அளவுக்கு மலிவான விலை அல்ல அது. போலி என்றால் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர் ஒரு காந்தத்தை எடுத்துக் காசின்மேல் வைத்து, ஒட்டவில்லை பாருங்கள் என்றார். பிறகு கண்ணாடி மேசைமீது காசைத் தட்டி ஓசையையும் கேட்கச் செய்தார். எழுத்துகளின் இடுக்குகளில் படிந்திருந்த கருமையைக் காட்டி, நூறாண்டுப் பழமை என்றார். இவற்றில் எதுவும் சான்று ஆகாது. பித்தளையும் செம்பும் கூடக் காந்தத்தில் ஒட்டுவதில்லை. கருமையை மருந்து போட்டு ஒரே நாளில் வரவழைக்கலாம். அட்டை வாங்க மறுத்துவிட்டதால், நான் எடுத்த சில காசுகளுக்கும் ரொக்கமாகவே கொடுத்தேன். ரசீதில் ‘நினைவுப் பொருள்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதித் தரவில்லை.

ஊர் திரும்பியதும் தெரிந்த ஒரு நகைப் பட்டறையில் காசுகளை நிறுத்துப் பார்த்தபோது, மின்னணுத் தராசு ஒவ்வொன்றுக்கும் 22 கிராமை ஒட்டியே காட்டியது. உண்மையான பியாஸ்தரில் 90 சதவீதம் வெள்ளி, எஞ்சியது செம்பு. அந்தக் கலவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10.3 கிராம். ஒரு கோப்பைத் தண்ணீரைத் தராசில் வைத்து, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் நீரில் அமிழ்த்தினால், தராசு கிராமில் காட்டும் எண்ணே கன சென்டிமீட்டரில் காசின் கன அளவு. எனக்கு 2.6 கிடைத்தது. 22ஐ 2.6ஆல் வகுத்தால் 8.5க்கு அருகில் வருகிறது. அது பித்தளையின் அடர்த்தி. பட்டறையில் இருந்த பெரியவர் விளிம்பில் ஓரிடத்தை லேசாக அரத்தால் தேய்த்தார். வெள்ளி முலாமுக்குக் கீழே மஞ்சள் நிறம் தெரிந்தது.

இதைவிட வெட்கமற்ற சான்று காசின் முகத்திலேயே இருந்தது. பியாஸ்தர் தன் எடையைத் தானே சொல்லும் நாணயம். அதன் தூய்மையும் எடையும் பின்புறத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். எனக்கு விற்கப்பட்டவற்றில் ஒன்று 1890ஆம் ஆண்டைத் தாங்கி, எடை 27 கிராம் என்று அறிவித்தது. அந்த ஆண்டின் காசில் 27.215 என்றல்லவா இருக்க வேண்டும்? ஒரு காலத்து முகப்பையும் வேறொரு காலத்துப் பின்புறத்தையும் சேர்த்து வார்த்திருக்கிறார்கள். உருப்பெருக்கியில் பார்த்தபோது, அச்சடித்த காசுக்குரிய கூர்மை எழுத்துகளில் இல்லை. விளிம்பைச் சுற்றியுள்ள கோடுகள் ஓரிடத்தில் மழுங்கி, அரத்தால் ராவிய தடம் தெரிந்தது.

அதே கடையில் வாங்கிய நோட்டுகளின் கதையும் இதுவே. தென்வியட்நாம் 1972இல் வெளியிட்ட, புலி உருவம் கொண்ட 500 டோங் நோட்டு, எனக்கு ஒன்றும் நண்பருக்கு ஒன்றுமாக வாங்கியிருந்தேன். இரண்டிலும் ஒரே வரிசை எண். ஒவ்வொன்றும் தனி உறையில் மடித்து ஒட்டப்பட்டிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. மையில் விரலுக்குப் படும் மேடு சிறிதும் இல்லை. உருப்பெருக்கியில் படமும் எழுத்தும் வண்ணப் புள்ளிகளாகவே தெரிந்தன; இரண்டும் நகல்கள்தாம்.

படங்களோடும் எடை விவரங்களோடும் கடைக்கு எழுதினேன். நினைவுப் பொருள் என்றுதான் ரசீதில் இருக்கிறது, பழமையானது என்று நாங்கள் எழுதித் தரவில்லையே என்று பதில் வந்தது. அதன்பின் பதிலே இல்லை. வாயால் வெள்ளி என்றும் நூறாண்டு என்றும் சொல்லி விற்றுவிட்டு, எழுத்தில் மட்டும் தப்பிக்க வழி வைத்துக்கொள்வது திட்டமிட்ட மோசடி என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே அங்கு செல்வோர், கைக்குள் அடங்கும் சிறு தராசு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடைக்காரர் முன்னிலையிலேயே நிறுத்துப் பாருங்கள்; நிறுக்க விடாதவரிடம் வாங்காதீர்கள். தேய்ந்த காசில் ஒரு கிராமில் பத்தில் சில பங்கு குறையலாம், ஐந்து கிராம் குறையாது. ரசீதில் ஆண்டு, உலோகம், அசல் என்ற உறுதி ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய காசுதான் வேண்டும் என்றில்லாதவர்களுக்கு, இன்றும் புழங்கும் 1000, 2000, 5000 டோங் தாள் நோட்டுகளே போதும். யானை மரம் இழுக்கும் காட்சி கொண்ட 1000 டோங் நோட்டு நம் பணத்தில் நான்கு ரூபாய்கூடப் பெறாது, டீக்கடைச் சில்லறையிலேயே கிடைத்துவிடும்.

ஏற்கெனவே வாங்கி வந்தவர்கள் தயவுசெய்து ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். போலி என்று தெரிந்தால் யாருக்கும் விற்கவோ, காசு சேர்க்கும் குழந்தைகளுக்குப் பரிசாகத் தரவோ வேண்டாம். என்னிடமுள்ளவற்றின் விளிம்பில் ‘போலி’ என்று பொறிக்கச் சொல்லிப் பட்டறையில் கொடுத்திருக்கிறேன்.