ஹெல்ஸ் கேன்யன் ‘காஸ்ட் அண்ட் பிளாஸ்ட்’: காலையில் கௌதாரி, மாலையில் ஸ்டீல்ஹெட், கொடுத்த காசுக்குத் தேறுமா?

அமெரிக்காவில் ஐடஹோ, ஆரிகன் மாநிலங்களுக்கு எல்லையாக ஓடும் ஸ்னேக் ஆற்றின் ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கில் இலையுதிர்காலம் முழுக்க வழிகாட்டிகள் விற்கும் சேவை இது. ஜெட் படகில் ஏறிப் போய் ஒரு வேளை மலைச்சரிவில் சுக்கர் கௌதாரி சுடலாம், மறு வேளை அதே படகிலிருந்து ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ டிரவுட் மீன்) பிடிக்கலாம். விளம்பரத்தைப் பார்த்தால் செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் முடிய எந்த நாளும் ஒன்றுதான் என்று தோன்றும். அப்படி இல்லை. பறவையும் மீனும் ஒருசேரக் கைகொடுக்கும் காலம் பெரும்பாலும் அக்டோபர் நடுவில் தொடங்கி, முதல் நல்ல மழையோடு முடிந்துவிடும். சில வருடம் மூன்று வாரம். மழை முந்திக்கொண்டால் அதுவும் இல்லை.

காரணம் எளிது. சுக்கர் நம் இமயமலைப் பக்கத்துப் பறவை, பெயரே இந்திதான். அமெரிக்க மேற்கில் கொண்டுவந்து விட்டார்கள். எரிமலைப் பாறையும் சீட்கிராஸ் புல்லும் நிறைந்த இந்தச் சரிவுகள் அதற்குத் தாய்வீடு போல ஆகிவிட்டன. மலை காய்ந்து கிடக்கும்வரை தண்ணீர் குடிக்க ஆற்றுக்கும் ஓடைகளுக்கும் இறங்கித்தான் ஆகவேண்டும். அதனால்தான் படகில் போய் வேட்டையாடுவது பலிக்கிறது. மழை பெய்து சீட்கிராஸ் பச்சைத் துளிர் விட்டதும் தின்பதற்கும் ஈரத்துக்கும் கீழே வரவேண்டிய அவசியமே இல்லை. கூட்டங்கள் மேலே சிதறிவிடும். அப்போது படகு வெறும் வாகனம்தான். மிச்சம் முழுக்க உங்கள் முழங்கால் பாடு.

மீனின் கணக்கு நேர் எதிர். பசிபிக்கிலிருந்து எட்டு அணைகளைத் தாண்டி, ஐடஹோவின் லூயிஸ்டன் ஊர் வரைக்கும் மட்டுமே ஏறத்தாழ 750 கி.மீ. நீந்தி வரும் மீன் இது. அங்கிருந்தும் மேலே ஏறி, 1967-இல் கட்டி முடித்த ஹெல்ஸ் கேன்யன் அணையில் நின்றுவிடும். அங்கே மீன் ஏற வழி வைக்கவில்லை. தண்ணீர் சூடாக இருக்கும் செப்டம்பரில் கடிப்பது குறைவு. 7 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை சுறுசுறுப்பாக இருக்கும். 4-க்குக் கீழே போனால் மூக்கருகே இரை போனாலும் அசையாது. ஆகவே முன்பதிவுக்குக் கேட்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி: “ஆற்றுத் தண்ணீர் இப்போது எத்தனை டிகிரி, மேலே புல் துளிர்த்துவிட்டதா?” இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்பவரிடம் காசைக் கொடுக்கலாம். “எல்லாம் சூப்பர்” என்பவரை விட்டுவிடுங்கள்.

வேட்டைப் பாதியில் வழிகாட்டியின் தரம் முதல் அரை மணியிலேயே தெரிந்துவிடும். நல்லவர் படகைப் பறவைக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்தமாட்டார். சற்றுத் தள்ளி எஞ்சினை அணைத்துவிட்டு, “சுக்-சுக்-சுக்கார்” என்ற கூப்பாடு எங்கிருந்து வருகிறது என்று பத்து நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு ஒரு பக்க ஓடை வழியாக உயரம் ஏறி, கூட்டத்துக்கு மேலே போய், அங்கிருந்து சரிவைக் குறுக்காக வெட்டி நடத்திப் போவார். கௌதாரி மேல்நோக்கி ஓடும், கீழ்நோக்கிப் பறக்கும். அடியிலிருந்து துரத்தினால் நீங்கள் மூச்சிரைக்க ஏறும்போது அது நடந்தே உச்சிக்குப் போய்விடும். இந்தப் பாடம் தெரியாத வழிகாட்டிகளும் தொழிலில் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

குண்டு தவறுவதற்கும் இதே சரிவுதான் காரணம். எழும்பிய பறவை கீழ்நோக்கி விழுவதுபோல வேகமெடுக்கும். கண்ணுக்கு நேராகச் சுட்டால் குண்டு அதன் தலைக்கு மேலே போகும். பறவைக்குக் கீழே இடைவெளி விட்டுச் சுடவேண்டும். 12 அல்லது 20 கேஜ் (குழலின் அளவு) துப்பாக்கி, 6-ஆம் எண் குண்டு, இம்ப்ரூவ்ட் சிலிண்டர் சோக் (குண்டுகளைச் சற்றே பரவவிடும் குழல்முனை) போதும். மூன்று கிலோவுக்கு மேல் கனமுள்ள துப்பாக்கி மத்தியானத்துக்குள் தோளைக் கழற்றிவிடும். ஒரு வழிகாட்டிக்குச் சுடுபவர் இருவர்தான் சரி. நான்கு பேரை ஒரே வரிசையில் நடத்துபவர் பாதுகாப்பைப் பற்றி யோசிக்கவில்லை என்று அர்த்தம். சரளைக்கல் சரிவைத் தாண்டும்போது துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்துவிடச் சொல்கிறாரா, படகில் ஏறும்முன் ஒவ்வொரு குழலையும் தானே பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

நாய்களைப் பாருங்கள், சேவையின் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது. எரிமலைப் பாறை உள்ளங்காலைத் தோலுரித்துவிடும். ஆகவே நாய்க்குக் காலுறை இருக்கவேண்டும், மாற்றி இறக்க இன்னொரு நாயாவது இருக்கவேண்டும். சீட்கிராஸ் விதை நம்மூர் ஊசிப்புல் மாதிரி: காதிலும் மூக்கிலும் விரலிடுக்கிலும் புகுந்தால் உள்ளே உள்ளேதான் போகும், தானாக வெளியே வராது. வேட்டை முடிந்ததும் நாயை மடியில் போட்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்க்கும் வழிகாட்டி நம்பத் தகுந்தவர். நாய்க்கென்று தனியாகத் தண்ணீர் சுமக்கிறாரா என்பதும் முக்கியம். வெயில் அடிக்கும் அக்டோபர் நாளில் வேட்டையை முதலில் வைக்கவேண்டும். பத்தரை மணிக்கு மேல் சூடான பாறையில் நாய்க்கு வாசனையும் பிடிபடாது, நாக்கும் தொங்கிவிடும். குளிர் இறங்கியபிறகு வரிசையை மாற்றலாம். இது தெரியாமல் அச்சடித்த நேர அட்டவணையையே பிடித்துக்கொண்டிருக்கும் நிறுவனங்களில் காசு பாதி வீண். குளிர் நன்றாக இறங்கும்வரை கிலுகிலுப்பைப் பாம்பு நடமாட்டம் உண்டு. ஓடைக்கரைகளில் பாய்சன் ஐவி என்ற நச்சுச் செடி அடர்ந்திருக்கும், இலை உதிர்ந்த தண்டு பட்டாலும் தோல் வெந்துபோகும்.

மீன்பிடிப்பில் இரண்டு முறைகளைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள். ஒன்று தக்கை கட்டிப் போடுவது: தக்கைக்குக் கீழே ஏழு முதல் பத்து கிராம் ஜிக் (கனமான தலை வைத்த கொக்கி), அதில் ஒரு துண்டு இறால், ஆழம் இரண்டரை முதல் மூன்றரை மீட்டர். தக்கை நீரோட்டத்தின் வேகத்திலேயே நிமிர்ந்து போகவேண்டும். மேல்நரம்பு தண்ணீரில் வளைந்து கிடந்தால் தக்கையை இழுக்கும், ஜிக் தூக்கிக்கொள்ளும், மீன் தொடாது. அதனால் தூண்டில் கோலால் நரம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். புதியவர்களுக்கு இதுவே சுலபம்.

மற்றது சைடு டிரிஃப்டிங். படகும் தூண்டிலில் கட்டிய ஈயமும் தண்ணீரும் ஒரே வேகத்தில் போகும். ஈயம் அவ்வப்போது அடியில் “டொக்… டொக்…” என்று தட்டவேண்டும். தட்டல் இடைவிடாமல் வந்தால் கனம் அதிகம், கல்லிடுக்கில் மாட்டும். தட்டலே இல்லையென்றால் மீன் இருக்கும் இடத்துக்கு இரை போய்ச் சேரவில்லை. ஓட்டம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஈயத்தை மாற்றித் தருபவர் தொழில் தெரிந்தவர். காலை முழுக்க ஒரே கனத்தில் ஓட்டுபவர் படகு ஓட்டுநர், அவ்வளவே.

பிடித்த மீனை வைத்துக்கொள்ள ஒரே அடையாளம், முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவிலுள்ள சின்னச் சதைத்துடுப்பு. அது வெட்டப்பட்டு ஆறிய தழும்பு இருந்தால் பண்ணையில் வளர்த்து ஆற்றில் விட்ட மீன், எடுக்கலாம். துடுப்பு முழுசாக இருந்தால் காட்டு மீன், விட்டே ஆகவேண்டும். ஸ்னேக் ஆற்றுக் காட்டு ஸ்டீல்ஹெட் 1997 முதல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் சட்டத்தின்கீழ் வருகிறது. கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி வைத்திருப்பவர், வலையைத் தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றுபவர், படத்துக்காக மீனைப் படகின் தரையில் போடாதவர், இவர்தான் வேண்டும்.

உரிமங்களில் நிறையப்பேர் வழுக்குகிறார்கள். துப்பாக்கியோடு எந்தக் கரையில் கால் வைக்கிறீர்களோ அந்த மாநிலத்தின் வேட்டை உரிமம் வேண்டும். ஐடஹோ உரிமத்தோடு ஆரிகன் பக்கம் ஏறிவிடாதீர்கள். மீனுக்கு ஐடஹோவில் மீன்பிடி உரிமம் தவிர ஸ்டீல்ஹெட் பெர்மிட் தனி. வைத்துக்கொள்ளும் மீனை அந்த இடத்திலேயே பதியவேண்டும். தொகுப்புக் கட்டணத்தில் இவை பெரும்பாலும் சேராது. வழிகாட்டி நிறுவனத்துக்கே மாநில உரிமம் கட்டாயம், அதைக் காட்டச் சொல்லத் தயங்கவேண்டாம்.

“வழியில் வாத்து வந்தால் அதையும் சுடலாம்” என்று யாராவது ஆசை காட்டினால் உஷார். வாத்துக்கு 25 டாலர் கூட்டாட்சி முத்திரை (தபால்தலை போன்ற அனுமதிச் சீட்டு) வேண்டும். 1991 முதல் நாடு முழுக்க வாத்து வேட்டையில் ஈயக் குண்டுக்குத் தடை. சுடுவது மட்டுமல்ல, வாத்து வேட்டையின்போது ஈயத் தோட்டா வைத்திருப்பதே குற்றம். காலையில் கௌதாரிக்கு வாங்கிய தோட்டாக்கள் உங்கள் கோட்டுப் பையில்தானே இருக்கும்? மோட்டார் படகு ஓடிக்கொண்டிருக்கும்போது சுடுவதும் கூடாது. எஞ்சின் அணைந்து, அந்த வேகம் முழுக்க அடங்கியிருக்கவேண்டும்.

சாப்பாடு, படகின் இருக்கை எல்லாம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பறவைகளைச் சுட்ட இடத்திலேயே குடல் எடுத்துக் காற்றோட்டமாக வைக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். வெயிலில் சட்டைப் பைக்குள் அடைத்துச் சாயங்காலம் வரை சுமந்தால் இறைச்சி நாற்றமடித்துவிடும். விடியற்காலை ஜெட் படகின் வேகத்தில் காற்று எலும்பைத் துளைக்கும், இரண்டு மணி நேரம் கழித்துச் சரிவில் வேர்த்துக் கொட்டும். பருத்திச் சட்டை வேண்டாம். கம்பளி உள்ளாடை, மேலே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பழகிய பூட்ஸ். புது பூட்ஸோடு வருபவர்களுக்கு மத்தியானத்துக்குமேல் மீன்பிடிப்பு மட்டும்தான்.