இரண்டே இரவுகள் இருந்தால்: ப்ராக்கா, புடாபெஸ்டா?

வியன்னாவிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்பு இரண்டு இரவுகள் மிச்சமிருந்தால் எங்கே போவது என்ற கேள்வி, முதுகுப்பையோடு மத்திய ஐரோப்பாவைச் சுற்றும் தம்பதியர் பலருக்கும் வருவதுதான். எங்களுக்கு அது இரண்டு முறை வந்தது. முதல் பயணத்தில் நானும் என் கணவரும் ப்ராக் சென்றோம். சில ஆண்டுகள் கழித்து, அதே வியன்னாவிலிருந்து அதே இரண்டு இரவுகளுக்குப் புடாபெஸ்ட் சென்றோம். இவற்றில் எந்த நகரம் அழகு என்று கேட்டால், ப்ராக் என்றே இன்றும் சொல்வேன். ஆனால் மூன்று வாரம் பையைச் சுமந்து அலைந்த இருவர், சேர்ந்து கழிக்கப்போகும் கடைசி இரண்டு நாட்களுக்கு எது ஏற்றது என்பது வேறு கேள்வி. அதற்கு என் பதில் புடாபெஸ்ட்.

முதலில் ரயில் கணக்கைப் பார்த்துவிடலாம். வியன்னாவின் மத்திய நிலையத்திலிருந்து ப்ராக் செல்ல ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். புடாபெஸ்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் போதும். போக வரச் சேர்த்தால் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். இரண்டு வாரப் பயணத்தில் இது பொருட்டே அல்ல. இரண்டு இரவுப் பயணத்தில் ஒரு முழு மாலைப்பொழுது. விசாவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே, ஏனெனில் ப்ராக் இருக்கும் செக் குடியரசும் புடாபெஸ்ட் இருக்கும் ஹங்கேரியும் 2007 டிசம்பரிலிருந்து, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் பகுதியில் உள்ளன.

இரண்டு நாடுகளிலும் யூரோ நாணயம் இல்லை. ப்ராக்கில் கொருனா, புடாபெஸ்டில் ஃபோரின்ட். ப்ராக்கின் பழைய நகரச் சதுக்கத்துக்கு அருகில் ஒரு நாணய மாற்றுக் கடையில், கமிஷன் இல்லை என்ற பலகையை நம்பி யூரோவைக் கொடுத்துவிட்டு, கைக்கு வந்த தாள்களை எண்ணிய பிறகுதான் அவர்கள் கொடுத்த விகிதம் எவ்வளவு மோசம் என்பது எங்களுக்குப் புரிந்தது. 2019 முதல் செக் குடியரசில் ஒரு சட்டம் இருக்கிறது: ஆயிரம் யூரோ வரையிலான நாணய மாற்றத்தை, மூன்று மணி நேரத்துக்குள் அதே கடைக்குத் திரும்பிச் சென்று ரத்து செய்துகொள்ளலாம். இதை நாங்கள் அறிந்தபோது இரவாகிவிட்டது, மூன்று மணி நேரமும் கடந்துவிட்டது. ஆகவே செல்பவர்கள் ரசீதைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கும்போது, ரூபாயில் கணக்கிட்டுத் தரட்டுமா என்று இயந்திரம் கேட்டால், இரண்டு நகரங்களிலும் வேண்டாம் என்றே அழுத்துங்கள்.

இனி ப்ராக். இந்த நகரத்தின் பெரிய பலம், இரண்டாம் உலகப் போரில் அது பெருமளவு தப்பிப் பிழைத்தது. 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம், 1344-இல் தொடங்கி 1929-இல்தான் நிறைவுற்ற புனித விட்டஸ் பேராலயம், அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து செல்லும் கல் பாவிய தெருக்கள் எல்லாம் கால்நடையாகவே பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த அழகை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்க வருகிறார்கள். சார்லஸ் பாலத்தில் காலை பத்து மணிக்கு மேல் இருவர் கைகோத்து நடக்க முடியாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் செல்ல வேண்டியிருக்கும். நாங்கள் முதல் நாள் அப்படி நடந்து சலித்து, இரண்டாம் நாள் விடியலில் ஐந்து மணிக்கே அங்கே போய் நின்றோம். அப்போதுதான் பாலம் எங்களுக்குக் கிடைத்தது. முப்பது சிலைகளும் கரிய உருவங்களாக வரிசையில் நிற்க, வல்டாவா ஆற்றின் மேல் மெல்லிய பனிப்புகை படர்ந்திருந்தது. 1357-ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று விடிகாலை 5:31 மணிக்கு நான்காம் சார்லஸ் மன்னர் இதற்கு அடிக்கல் நாட்டினார் என்று சொல்வார்கள். ஆண்டு, நாள், மாதம், நேரம் என்று வரிசையாக எழுதினால் 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1 என்று எண்கள் ஏறி இறங்கும் நல்ல வேளையாம் அது. நாள் நட்சத்திரம் பார்த்துக் கால்கோள் செய்யும் வழக்கத்தில் வளர்ந்த எனக்கு அந்தச் செய்தி அந்நியமாகத் தோன்றவில்லை.

அந்த ஒரு மணி நேரத்துக்காகவே ப்ராக் செல்லலாம் என்பேன். ஆனால் அதற்கு நாங்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். கோட்டைக்குப் போகும் ஏற்றம் முழங்காலைப் பதம் பார்க்கும் (22-ஆம் எண் டிராமில் மேலே போய், இறங்குவதை மட்டும் நடையாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்). மதியத்துக்குள் இருவருக்கும் பேசக்கூடத் தெம்பில்லை. அங்கிருந்த இரண்டு நாளும் நகரத்தைப் பார்த்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் நிதானமாகப் பார்த்ததாக நினைவில்லை.

புடாபெஸ்ட் அப்படி அள்ளித் தருவதில்லை. புடா, பெஸ்ட், ஓபுடா என்ற மூன்று ஊர்கள் 1873-இல் இணைந்த நகரம் அது. பரந்து கிடக்கிறது, நடந்தே முடிக்க இயலாது. அதை ஈடுகட்ட 1896-இல் திறக்கப்பட்ட முதலாம் மெட்ரோ பாதை இருக்கிறது. ஐரோப்பிய நிலப்பகுதியில் இதுவே மிகப் பழைய சுரங்க ரயில். தெருவிலிருந்து சில படிகள் இறங்கினாலே நடைமேடை வந்துவிடும், பை முதுகில் இருக்கும்போது அதன் அருமை தெரியும். அந்தச் சிறிய மஞ்சள் வண்டி நேராகச் சேச்செனி வெந்நீர்க் குளியலகத்தின் வாசலில் இறக்கிவிடும்.

என் தீர்ப்பைத் திருப்பியது அந்தக் குளியலகம்தான். 1913-இல் திறக்கப்பட்ட மஞ்சள் நிற மாளிகை, நடு முற்றத்தில் திறந்தவெளிக் குளங்கள். நிலத்தடியிலிருந்து வரும் வெந்நீர் அது. நீச்சலுடை கட்டாயம் என்பதால் எனக்குத் தயக்கம் இருந்தது. முழங்கால் வரை மறைக்கும் ஒன்றை ஊரிலேயே வாங்கி வைத்திருந்தேன். உள்ளே இறங்கிய பிறகு யாரும் யாரையும் பார்ப்பதாகவே தெரியவில்லை. கழுத்தளவு நீரில் நின்றபடி இரண்டு முதியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். காய்களுக்கு மேல் ஆவி போய்க்கொண்டிருந்தது. பைப்பட்டை அழுத்தி அழுத்திக் கன்றிப்போயிருந்த தோள்கள் கால் மணி நேரத்தில் இளகின. "இங்கேயே இருந்துடலாமாங்க?" என்று கேட்டேன். மாலைக்கு வைத்திருந்த இரண்டு அருங்காட்சியகங்களையும் விட்டுவிட்டு, மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தோம். வீட்டுக் கடன், அம்மாவின் கண் அறுவை சிகிச்சை, அடுத்து என்ன வேலை என்று ஊரில் பேச வாய்க்காத எல்லாவற்றையும் பேசினோம். பதினாறாம் நூற்றாண்டில் ஒட்டோமான் ஆட்சியில் எழுந்த ருடாஷ் குளியலகமும் உண்டு. ஆனால் அதன் துருக்கியக் குளத்தில் ஆண்கள் நாள், பெண்கள் நாள் என்று முறை வைத்துப் பிரிப்பது நெடுநாள் வழக்கம் என்பதால், தம்பதியாகச் செல்பவர்கள் அன்றைய அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

சாப்பாட்டிலும் புடாபெஸ்டே எங்களுக்கு ஒத்துவந்தது. ப்ராக்கில் சைவம் உண்பவருக்குப் பொரித்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும்தான் பெரும்பாலும் கதி. அங்கே தெருவெங்கும் சுட்டு விற்கும் ட்ர்டெல்னிக் என்ற உருளை இனிப்பும் ப்ராக்கின் பழம்பண்டம் அல்ல, சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பரவியது. புடாபெஸ்டில் ஃபோஸெலேக் என்று ஒன்று இருக்கிறது. காயையோ பருப்பையோ வேகவைத்து, மாவும் புளித்த கிரீமும் சேர்த்துக் கெட்டியாக்குவது. நம் கூட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். மேலே இறைச்சி வைத்துத் தருவதும் உண்டு, பன்றிக் கொழுப்பில் தாளிப்பதும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். மிளகாய் விழுதை மேசையிலேயே வைப்பது கணவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

புடாபெஸ்டில் போரின் காயங்கள் மறைந்துவிடவில்லை. 1945-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை நகரின் நடுவே ஓடும் டான்யூப் ஆற்றின் பாலங்களைத் தகர்த்தது. 1849-இல் திறந்த சங்கிலிப் பாலம் சரியாக நூறு ஆண்டு கழித்து மறுபடி திறக்கப்பட்டது. நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே ஆற்றங்கரையில், இரும்பால் வார்த்த அறுபது ஜோடிக் காலணிகள் இருக்கின்றன. ஹங்கேரியின் நாஜி ஆதரவுக் கட்சியான அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களைக் கரையில் நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் வீழ்த்தியதன் நினைவாக 2005-இல் வைத்தவை. ஒரு சின்னக் குழந்தையின் காலணிக்குள் யாரோ மிட்டாய் ஒன்றை வைத்திருந்தார்கள். அதன் பிறகு அன்று நாங்கள் வேறெதையும் படம் எடுக்கவில்லை.

டிசம்பரில் செல்பவர்களுக்கு மட்டும் என் தீர்ப்பு சற்றுத் தளரும். அப்போது ப்ராக்கில் சூரியன் உதிக்கவே எட்டு மணி ஆகிவிடும். ஏழரைக்கு எழுந்து சென்றாலும் சார்லஸ் பாலத்தில் விடியலைப் பார்க்கலாம், தூக்கமும் கெடாது. புடாபெஸ்டிலோ மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஆனால் அந்த இருட்டில், பனிக் காற்றில், தலை மட்டும் வெளியே தெரிய வெந்நீரில் அமிழ்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று கணவர் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.